இருபத்தாறு நிமிஷம்

"கடைசியா இவர நல்லபடியா பாத்தது யாரு? அப்ப மணி என்ன?"

தள்ளுவண்டியின் முன்சக்கரம் ஸ்கேன் அறை வாசலைத் தாண்டுவதற்குள் ஸ்கேன் எடுக்கும் அக்காவிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்கும்போதே கை சும்மா இருக்காது. நோயாளியின் காதிலும் கழுத்திலும் கொண்டையிலும் உள்ள உலோகத்தையெல்லாம் கழற்றி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டபடியே, கூட வந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "காலைலதான்" என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். "அஞ்சு மணியும் காலைதான், பதினொரு மணியும் காலைதான். மணி சொல்லுங்க." தேம்பிக்கொண்டிருப்பவர்கள்கூட அந்த அதட்டலில் தேம்பலை விழுங்கிவிட்டு யோசிக்கத் தொடங்குவார்கள். அழுவதற்கு வெளியே பெஞ்சு போட்டிருக்கிறது, உள்ளே வருகிறவர்கள் மணி சொல்லத்தான் வர வேண்டும் என்பது அவருடைய கட்சி.

ஆஸ்பத்திரியில் அவருக்கு மிலிட்டரி அக்கா என்று பெயர். நர்ஸுகளிலிருந்து வண்டி தள்ளும் அண்ணன் வரை எல்லாருக்கும் அவர் அக்காதான். மிலிட்டரி என்ற பட்டம் மட்டும் முதுகுக்குப் பின்னால். வயது ஐம்பத்திரண்டு. ஆள் குட்டை. நோயாளியை வண்டியிலிருந்து மேடைக்கு மாற்றும்போது ஒரு பலகையின் மேல் ஏறி நின்றுகொள்வார். அந்தப் பலகையை யாராவது நகர்த்திவிட்டால் அன்று முழுக்க அந்த வராந்தாவில் ஒருவருக்கும் நிம்மதி கிடையாது. இருபத்தெட்டு வருடமாகத் தலைகளுக்குள்ளே படம் எடுத்து எடுத்து, மனிதர்களின் வெளித்தோற்றத்தின் மேல் அவருக்கு மரியாதை விட்டுப்போய்விட்டது. "கோட்டும் சூட்டும் வெளியிலதான். உள்ள எல்லாருக்கும் அதே கொழகொழதான்" என்பார்.

மெஷினுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் தொரை. தொரைக்கு வேர்க்கக் கூடாது என்பதால் அறை எப்போதும் பல் கிட்டிக்கும் குளிரில் இருக்கும். தொரைக்குத் தூசி ஆகாது என்பதால் செருப்பெல்லாம் வெளியே. "தொரையோட ஏசி நின்னா அர மணி நேரத்துல ஆள் ஓடி வருது. இங்க வேல பாக்கறவளோட நாற்காலி கால் ஒடஞ்சு ஆறு மாசம் ஆச்சு, ஒருத்தன் எட்டிப் பாக்கல" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நாற்காலியின் ஒடிந்த காலுக்குக் கீழே, மெஷினோடு வந்த தடித்த கையேட்டை முட்டுக் கொடுத்திருக்கிறார். இதுவரை அந்தப் புத்தகத்தால் தனக்குக் கிடைத்த ஒரே உபயோகம் அதுதான் என்கிறார்.

படுத்திருப்பவரிடம் மட்டும் குரல் இறங்கும். வளையத்துக்குள் போகப்போகும் தலையைத் துணிப்பட்டையால் இதமாகக் கட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல சாமி. உள்ள போயிட்டு வெளிய வந்துடுவீங்க. தலைய மட்டும் ஆட்டாதீங்க" என்பார். எண்பது வயதுக் கிழவரானாலும் சாமிதான், இருபது வயதுப் பெண்ணானாலும் சாமிதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து கதவைச் சாத்தியதும் பழைய குரல் திரும்பிவிடும்.

பக்கவாதக்காரர்களின் வீட்டு ஆட்களிடம்தான் அவருக்குப் பொறுமை சீக்கிரம் தீரும். கை விழுந்தபிறகு எண்ணெய் தேய்த்துப் பார்த்தவர்கள், கொஞ்சம் தூங்கினால் சரியாகிவிடும் என்று போர்த்திவிட்டவர்கள், வாய் கோணினவருக்கு வலுக்கட்டாயமாகத் தண்ணீர் புகட்டியவர்கள் எல்லாரும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். படம் எடுத்து முடித்ததும், "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாமே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா?" என்று யாராவது முகம் மலர்ந்து கேட்டால் போச்சு. படத்தைப் பற்றி டாக்டர்தான் பேச வேண்டும், இவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. விதியெல்லாம் அந்த நேரத்தில் காற்றில் பறந்துவிடும்.

"வெள்ளையா இருந்தா ரத்தம் கசிஞ்சிருக்கு. கருத்துப் போயிருந்தா அந்த எடம் செத்துருச்சு. ரெண்டும் இல்லன்னா, காப்பாத்தறதுக்கு மூள இன்னும் மிச்சம் இருக்குன்னு அர்த்தம். ரத்தக்கட்டி கரையறதுக்கு ஊசி மேல் மாடியில இருக்கு. என்கிட்ட நின்னு பேசாதீங்க, ஓடுங்க."

ஓடுவார்கள். லிஃப்டுக்குக் காத்திருந்தால் அதற்கும் திட்டு விழும் என்று தெரிந்து படியில் ஓடுவார்கள். ஒரு நிமிடம் ரத்தம் போகாவிட்டால் மூளையில் இருபது லட்சம் உயிரணுக்களுக்குப் பக்கமாகச் செத்துப்போகின்றன என்று அவர் எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டது. அன்றிலிருந்து அவரால் ஒரு நிமிடத்தைச் சும்மா ஒரு நிமிடமாகப் பார்க்க முடியவில்லை. வீட்டில் குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போதுகூட மனசுக்குள் லட்சம் லட்சமாகக் கழித்துக்கொண்டிருப்பார்.

அவருடைய வீட்டுக்காரர் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர், சாதுவான மனிதர். அன்றைய நாள் எப்படிப் போயிற்று என்று மனைவியிடம் அவர் கேட்பதில்லை. வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று மட்டும் பார்ப்பார். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் பேசலாம். ஒரு முழம் தள்ளிக் கிடந்தால் டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பேசலாம். ஒன்று படியிலும் இன்னொன்று செடித்தொட்டியிலும் கிடந்தால், "இன்னிக்கு யாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் தன் ஸ்க்ரூ டிரைவரோடு பின்பக்கம் போய்விடுவார். இந்த ஒன்றரை வருடத்தில் செடித்தொட்டி நாட்கள் அதிகமாகிவிட்டன என்கிறார்.

அந்த ஒன்றரை வருடக் கோபத்துக்குக் காரணம் ஒரு கடிகாரம்.

மெஷினின் கம்ப்யூட்டருக்குள் ஏதோ ஒரு பாகம் போய்விட்டது என்று கம்பெனி இன்ஜினியர் வந்து மாற்றிக் கொடுத்தார். மாற்றிய கையோடு திரையில் ஓடும் மணியையும் அவரே வைத்தார். எதைப் பார்த்து வைத்தாரோ, சரியான நேரத்துக்கு இருபத்தாறு நிமிடம் பின்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். அக்காவுக்கு அது தெரிய இரண்டு நாள் ஆயிற்று. தெரிந்த அன்றே புகார் நோட்டில் எழுதினார். மணியை மாற்ற இன்ஜினியரின் ரகசிய எண் வேண்டும். இவர் கையால் ஆகிற வேலை இல்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதினார். மூன்றாவது தடவை எழுதியபோது சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

மணி பிசகியதால் வைத்தியம் பிசகவில்லை. டாக்டர்களுக்கு அவர் சுவரில் மாட்டியுள்ள கடிகாரத்தைப் பார்த்துச் சரியான மணியை வாயால் சொல்லிவிடுவார். பிசகியது வேறொன்று. ஒவ்வொரு ஸ்கேன் படத்தின் ஓரத்திலும் பொடி எழுத்தில் மெஷினின் மணி பதிவாகும். பக்கவாதம் என்று வருகிறவர் ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்த நேரத்துக்கும் அந்தப் பொடி எழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மாதா மாதம் ஆபீஸில் கணக்கிட்டு மேலே அனுப்புகிறார்கள். வாசலில் சீட்டுப் போடும் கம்ப்யூட்டர் சரியான மணி காட்டுகிறது. ஸ்கேன் அறை கம்ப்யூட்டரில் இருபத்தாறு நிமிடம் குறைவு. அதனால் யாரும் ஒரு துரும்பையும் நகர்த்தாமலேயே அந்த ஆஸ்பத்திரியின் சராசரி ஐம்பது நிமிடத்திலிருந்து இருபத்துநாலு நிமிடத்துக்கு இறங்கிவிட்டது.

கேக் வெட்டினார்கள். வாசலில் பெரிய பலகை வைத்தார்கள்: 'பக்கவாதமா? இருபத்துநாலே நிமிடத்தில் ஸ்கேன்.' அக்காவையும் கூப்பிட்டுக் கைதட்டி ஒரு துண்டு கேக் கொடுத்தார்கள். சரி செய்யத்தான் போகிறார்களே என்று அவரும் வாங்கிச் சாப்பிட்டார். அந்தக் கேக் இன்னும் செரிக்கவில்லை. இன்றைக்கு அவர் கோபத்தில் பாதி அந்தத் துண்டைத் தின்ற தன் வாயின் மேல்தான்.

ஒரு நாள் மயங்கி விழுந்த ஒரு வாத்தியாரை அவருடைய தம்பி வாசலில் சீட்டுப் போட்ட கையோடு தோளில் தூக்கிக்கொண்டு நேராக ஸ்கேன் அறைக்கே ஓடி வந்துவிட்டார். இருபத்திரண்டாவது நிமிடத்தில் படம் எடுத்தாயிற்று. ஆபீஸ் கணக்கில் அந்த வாத்தியார் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு நாலு நிமிடம் முன்பாகவே அவருக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டிருந்தது. இதைப் பார்த்தாவது விழித்துக்கொள்வார்கள் என்று அக்கா காத்திருந்தார். தட்டச்சுப் பிழை என்று சொல்லி அந்த வரியை மட்டும் அழித்துவிட்டார்கள்.

அக்கா கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால் ஆளை நேராக ஸ்கேனுக்குக் கொண்டுவாருங்கள், சீட்டும் கோப்பும் அப்புறம் போட்டுக்கொள்ளலாம். மேடையில் வேறு யாராவது சாவகாசமாகப் படுத்திருந்தால் இறக்கிவிட எனக்கு உரிமை கொடுங்கள். இவ்வளவுதான். நிர்வாக அதிகாரியிடம் நாலு தடவை போய்க் கேட்டார். நம்முடைய சராசரியே இருபத்துநாலு நிமிடம், இதற்கு மேல் என்ன அவசரம் என்று ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்லி அனுப்பினார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் கண்டக்டர் வந்தார்.

பஸ் கண்டக்டர். நாற்பத்தாறு வயது. காலை ஏழு பத்துக்கு வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், வலது கையிலிருந்த டீ டம்ளர் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரும் விழுந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மனைவி பக்கத்து வீட்டு ஆட்டோவைப் பிடித்து ஏழு நாற்பத்தெட்டுக்கு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். மணி கேட்டபோது டக்கென்று "ஏழு பத்து" என்று சொன்ன ஒரே ஆள் அந்தப் பெண்தான் என்று அக்கா பிற்பாடு வியந்து வியந்து சொல்வார்.

வாசலில் சீட்டுப் போடுகிற இடத்தில் பழைய கோப்பு இருக்கிறதா, அடையாள அட்டை எங்கே, கூட வந்தவர் உறவுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று பதினெட்டு நிமிடம் போயிற்று. ஸ்கேன் அறைக்கு யாரும் ஒரு போன்கூடப் போடவில்லை. வண்டி வந்து சேர்ந்தபோது மேடையில் ஒரு பெரிய மனிதர் படுத்திருந்தார். ஒரு வியாதியும் இல்லாதவர். நிர்வாக அதிகாரிக்கு வேண்டியவர், வருடத்துக்கு ஒருமுறை உடம்பு முழுக்கப் பரிசோதித்துக்கொள்கிறவர். அதிகாரியின் உத்தரவு இல்லாமல் இறங்க மாட்டேன் என்றார் அவர். அதிகாரியின் போன் வேறு பேச்சிலேயே இருந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் போராடிப் பார்த்துவிட்டு, அக்கா கடைசியில் அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக இறக்கினார். அந்தப் பெரிய மனிதர் போட்ட சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. அதற்காக அக்காவுக்கு ஒரு மெமோவும் கிடைத்தது.

கண்டக்டரின் தலை வளையத்துக்குள் போனபோது சுவர்க் கடிகாரத்தில் எட்டு நாற்பத்தொன்பது. வந்து அறுபத்தோரு நிமிடம். மெஷின் எழுதிக்கொண்டது எட்டு இருபத்துமூன்று.

ஊசி போட்டார்கள். உயிர் பிழைத்தது, கால் ஓரளவு வந்தது. வலது கை வரவில்லை. பேச்சு வரவில்லை. ஒரு வார்த்தையைத் தவிர. இருபது வருடமாக வண்டியைக் கிளப்பச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஏறிப்போன "ரைட்டு" மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டது. பசிக்கிறதா என்றாலும் ரைட்டு, வலிக்கிறதா என்றாலும் ரைட்டு, உங்கள் பெயர் என்ன என்றாலும் ரைட்டு. வாரத்தில் இரண்டு நாள் காலையில் மனைவி அவரைப் பயிற்சிக்குக் கூட்டிவருவாள். பயிற்சி அறைக்குப் போகிற வழி ஸ்கேன் அறையைத் தாண்டித்தான் போகிறது. அக்காவைக் கண்டால் கண்டக்டர் இடது கையைத் தூக்கி "ரைட்டு" என்பார். அக்கா பதிலுக்குத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைப் படீரென்று சாத்திக்கொள்வார். அந்தச் சாத்தல் யார் மேல் என்று கண்டக்டருக்குத் தெரியாது.

மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கிறாள். கண்டக்டரின் மச்சான் ஒருவர் சொல்லி, ஏன் இவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் போட்டாள். பதில் வந்தது. வழவழ தாளில், மரியாதையான நடையில். ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டது முப்பத்தைந்து நிமிடம் மட்டுமே; நோயாளியை வீட்டிலிருந்து கொண்டுவர உறவினர்கள் எடுத்துக்கொண்டது முப்பத்தெட்டு நிமிடம் என்பதை வருத்தத்துடன் சுட்டிக்காட்டுகிறோம்.

அந்தக் கடிதத்தை அவள் அக்காவிடம் காட்டியது சண்டை போடுவதற்காக அல்ல. அதில் ஒரு வார்த்தை அவளுக்குப் புரியவில்லை, அர்த்தம் கேட்கக் காட்டினாள். அர்த்தம் தெரிந்ததும் தாளை நாலாக மடித்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"அவங்க சொல்றது சரிதான் மேடம். கீழ விழுந்ததுல அவருக்குத் துணி நனஞ்சு போச்சு. எப்பவும் இஸ்திரி போட்ட சட்டையில இருக்கற மனுசன். அந்தக் கோலத்துல நாலு பேரு முன்னாடி கூட்டிட்டுப் போனா அவருக்குப் பிடிக்காதேன்னு வேற பேண்ட் மாத்திவிட்டேன். ஆறு நிமிஷம் இருக்கும். அந்த ஆறு நிமிஷத்துலதான் அவரு பேச்சு போயிருச்சு."

அக்கா உள்ளே போய்விட்டார். பேசினால் என்ன வரும் என்று அவருக்கே பயமாக இருந்தது. அன்று மாலை ஒரு செருப்பு செடித்தொட்டியையும் தாண்டிப் பக்கத்து வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

மச்சான் விடவில்லை. மேலிடத்துக்கே எழுதிவிட்டார். விசாரணை என்று வந்ததும் நிர்வாக அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் குரலை உயர்த்தியே பேசாதவர். எதிரில் உட்காரச் சொல்லி, தண்ணீர் வரவழைத்து, ஒரு தாளை இவர் பக்கம் திருப்பி வைத்தார். 'மேற்படி நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கப்பட்ட நேரம் காலை 8:23 என்பதை உறுதி செய்கிறேன்.' கீழே அக்காவின் பெயர். அதற்கு மேலே கையெழுத்துக்கு ஒரு கோடு.

எட்டு நாற்பத்தொன்பது என்றார் அக்கா. அதிகாரி சிரித்தார்.

"மேடம், நீங்களும் நானும் நெனவுல இருந்து பேசக் கூடாது. படத்துல என்ன இருக்கு? எட்டு இருபத்துமூணு. அதத்தான எழுதியிருக்கோம். பொய்யின்னு ஒரு எழுத்து காட்டுங்க."

"படத்துல இருக்கறதே பொய்தான் சார். அது உங்களுக்கும் தெரியும்."

அதற்கும் அவர் கோபப்படவில்லை. இன்ஜினியருக்குச் சொல்லியாயிற்று என்றார். நாளைக்குக் காலையில் வந்து மணியைச் சரியாக வைத்துவிடுவார். ஒன்றரை வருடமாக நீங்கள் கேட்டுக்கொண்டிருந்ததுதானே, சந்தோஷப்பட வேண்டியதுதானே என்றும் சொன்னார். தாளை எடுத்துக்கொண்டு போய் நிதானமாகப் படித்துப் பார்த்து, சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம்தானே இருக்கிறது என்று, அக்கறையாக விசாரிக்கிற மாதிரி, கடைசியில் ஒரு கேள்வி.

அக்கா வெளியே வந்தார். இத்தனை நாளும் யாரிடமாவது கத்திவிட்டால் அடங்கிப்போகிற கோபம்தான் அவருக்கு வந்திருக்கிறது. இது கத்தி அடங்குகிற கோபமாக இல்லை. ஒன்றரை வருடம் கெஞ்சியபோது வராத இன்ஜினியர் நாளைக்கு வருகிறார். வந்து இரண்டு பொத்தானைத் தட்டினால், திரையும் சுவரும் ஒரே மணி காட்டும். அதன்பிறகு யார் வந்து பார்த்தாலும் எல்லாம் சரியாக இருக்கும். கண்டக்டர் முப்பத்தைந்தாவது நிமிடத்தில் ஸ்கேன் எடுக்கப்பட்டவராகவே இருப்பார். அவர் மனைவி காலம் பூராவும் ஒரு பேண்டை மாற்றிவிட்டதற்காகச் செத்துக்கொண்டிருப்பாள்.

புகார் நோட்டைத் தேடினார். கொக்கியில் புது நோட்டு தொங்கியது. பழையது தீர்ந்துவிட்டது, ஆபீஸுக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். சிவப்பு மையும் இரண்டு கோடும் அதோடு போயின.

அன்று பயிற்சி நாள். மணி பதினொன்றரை. அக்கா விறுவிறுவென்று பயிற்சி அறைக்குப் போனார். கண்டக்டர் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார். மனைவி அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து எழுப்பினார். எதற்கு, எங்கே என்று அவள் கேட்கக் கேட்க, மூன்று கதவுகளைத் தாண்டி, வெளியாள் நுழையக் கூடாது என்று எழுதியிருந்த நாலாவது கதவையும் திறந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் உள்ள சின்ன அறையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அந்தச் சுவத்துல மணி என்னம்மா?"

"பதினொண்ணு நாப்பது."

"இந்தத் திரையில?"

அவள் குனிந்து பார்த்தாள். பதினொன்று பதினாலு. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். தன் போனை எடுத்துப் பார்த்தாள். அதிலும் பதினொன்று நாற்பதுதான். மறுபடி குனிந்து திரையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எண்ணி எண்ணி வகுப்பில் விடுகிறவள், கழித்தல் கணக்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அப்ப அந்த முப்பத்தஞ்சு நிமிஷம்…"

"அறுபத்தொண்ணு. நான் என் கண்ணால பாத்தது. எங்க மெத்தனத்த மறைக்க ஒங்க மேல பழியப் போட்டுட்டாங்க. நானும் ஒன்றர வருஷமா நோட்டுல எழுதி வச்சுட்டுக் கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அதுக்கு என்னையும் நீங்க திட்டலாம்."

அவள் திட்டவில்லை. கேட்டது வேறு. நேரத்தோடு எடுத்திருந்தால் அவர் பேசியிருப்பாரா என்று கேட்டாள். பொய் சொல்ல அக்காவுக்கு ஒரு கணம் ஆசையாக இருந்தது. சொல்லவில்லை.

"தெரியாதும்மா. யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு சத்தியமாத் தெரியும். வண்டி வாசல்ல வந்தப்புறம் நாங்க தொலச்சது ஒரு மணி நேரம். நீங்க துணி மாத்துனது ஆறு நிமிஷம். அந்த ஆற இனிமே நீங்க வாயில எடுக்கக் கூடாது. புரியுதா?"

அந்த அதட்டலில்தான் அவள் உடைந்தாள். சத்தம் வராமல், பையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். அழுவதற்கு இங்கே இடமில்லை என்று அக்கா சொல்லவில்லை. ஒடிந்த நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டார், அவ்வளவுதான்.

பிறகு நேரமாகிறது என்று அவர்தான் அவசரப்படுத்தினார். நாளைக் காலை இந்த மணி மாறிவிடும், அதற்குள் படம் எடுத்துக்கொள், திரையும் சுவர்க் கடிகாரமும் ஒன்றாக விழும்படி எடு, எடுத்த கையோடு மச்சானுக்கு அனுப்பிவிடு என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தூக்கினாள். முதல் படம் கலங்கலாக வந்தது. இரண்டாவதில் சுவர்க் கடிகாரம் பாதிதான் விழுந்தது. கதவோரம் போய் முதுகைச் சாய்த்துக்கொண்டு மூன்றாவது முறை பார்த்தாள். இப்போது இரண்டும் விழுந்தன. கூடவே, நடுவில் நின்ற அக்காவும்.

வெளியே வராந்தாவில் யாரோ அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நிர்வாக அதிகாரி சாயங்காலம் வரை பொறுக்காமல் அந்தத் தாளை இப்போதே கேட்கிறாராம்.

அவள் போனைத் தாழ்த்தினாள். "நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க அக்கா. ஒங்க மொகம் விழுது. நாளைக்கு ஒங்களுக்குத்தான் பிரச்சன வரும்."

அக்கா தள்ளிக்கொள்ளவில்லை. முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கழுத்தில் பின்பக்கமாகத் திரும்பித் தொங்கிய அடையாள அட்டையைப் பெயர் தெரியும்படி முன்பக்கம் திருப்பி, இரண்டு விரலால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, போனை நேராகப் பார்த்தார்.

"எடும்மா" என்றார்.